தன்வந்திரி பேரில் வந்த பழைய ஃபார்வர்டு

போன மாசம் ஆவடியில் என் கிளினிக்குக்கு ஒரு பாட்டி, ஒன்பது மாசப் பேரனைத் தூக்கிட்டு வந்தாங்க. தட்டம்மை ஊசி போடணும். பாட்டிக்கு பயம். கூட வந்த மருமகள் தைரியம் சொல்றதுக்காக போன்ல ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டைக் காட்டினாங்க: "தடுப்பூசி வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சது இல்ல. தன்வந்திரி எழுதின சாக்தேய கிரந்தத்திலேயே இருக்கு."

பாட்டி என்னைப் பார்த்து, "நெஜமா டாக்டர்?"ன்னு கேட்டாங்க.

"ஆமாம்மா"ன்னு சொல்லியிருந்தா வேலை முடிஞ்சிருக்கும். சொல்லலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன், மறைக்கல. ஆனா இதே ஊர்ல 200 வருஷம் முன்னாடி ஒருத்தர் அப்படித்தான் செஞ்சார். அந்தக் கதையைச் சொல்றேன், கொஞ்சம் நீளம்.

1798ல் எட்வர்ட் ஜென்னர் மாட்டம்மைப் பாலை வச்சு பெரியம்மையைத் தடுக்கலாம்னு எழுதினார். 1802 ஜூனில் பம்பாயில் மூணு வயசுக் குழந்தை ஒண்ணுக்கு இந்தியாவின் முதல் தடுப்பூசி. அங்கிருந்து சென்னைக்கும் வந்தது. அப்போ ஃப்ரிட்ஜ் கிடையாது. ஒரு குழந்தையோட கையில் வந்த கொப்புளத்து நீரை எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்தணும். எந்த வீட்டுப் பிள்ளையோ, எந்தச் சாதியோ! அம்மை போடறதே அம்மன் வர்றதுன்னு நம்பின வீடுகள் வேற. ஜனங்க கதவைச் சாத்தினதுல ஆச்சரியமே இல்ல.

இங்கதான் எல்லிஸ் வர்றார். ஆமா, நம்ம எல்லிஸ் துரைதான். சென்னைக் கலெக்டர், கிணறு வெட்டி அந்தக் கல்வெட்டில் குறளைப் பொறிச்சவர், 1816லேயே தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம்னு எழுதினவர். தமிழ் படிச்ச எல்லாருக்கும் பிடிச்ச மனுஷன், எனக்கும்தான். அவர் என்ன செஞ்சார்னா, பசு நமக்குத் தந்த வரம்தான் இந்த மருந்துன்னு ஒரு புராணக் கதையை எழுதினார். சமஸ்கிருதத்தில் ஒரு பாட்டையும் இயற்றி, பழைய தாளில் எழுதி, எங்கேயோ கண்டெடுத்த மாதிரி உலவ விட்டாங்கன்னு அந்தக் காலத்து ஆங்கிலேயர் பதிவு ஒண்ணு சொல்லுது. நோக்கம் நல்லதுதான். குழந்தைங்க சாகக்கூடாது.

1819 ஜனவரி 12. 'மெட்ராஸ் கூரியர்' பத்திரிகையில் ஒரு கடிதம். எழுதினவர் பேர் 'கல்வி விரும்பன்', அதாவது புனைபெயர். சாக்தேய கிரந்தத்துலேர்ந்து மேற்கோள்: பசுவின் மடிக் கொப்புளத்து நீரை கத்தி முனையில் எடுத்து, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் குத்தணும். படிச்சா ஜென்னர் எழுதின மாதிரியே இருக்கும்! இருக்காதா பின்னே?

அப்புறம் அது ஐரோப்பிய மருத்துவப் புத்தகங்களுக்குப் போச்சு. ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எடுத்தெழுதினாங்க, மூலச் சுவடியை யாரும் கேட்கல. 1905ல் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் திறப்பு விழா. சென்னை மாகாணத்துக்கே அம்மைப்பால் தயாரிச்ச இடம். அங்க கவர்னர் ஆம்ப்தில் பிரபு, கர்னல் கிங் சொன்னதா இதையே மேடையில் பேசினார். சென்னையில் கிளம்பின கதை உலகம் சுத்தி, சென்னைக்கே ஆதாரமா திரும்பி வந்திருச்சு. 1987ல் டொமினிக் வுயாஸ்டிக் இதோட வேரைத் தோண்டி எடுத்துக் கட்டுரை எழுதினார். இன்னமும் அது ஓடிக்கிட்டிருக்கு, மருமகள் போன் வரைக்கும்.

ஒண்ணு சொல்லிடறேன். வங்காளத்தில் பெரியம்மைச் சீழையே எடுத்துக் குத்தற வழக்கம் நிஜமாவே இருந்தது. ஹால்வெல் 1767ல் அதை விவரமா எழுதியிருக்கார். அது நம்ம நிஜப் பெருமை. ஆனா அது மனுஷ அம்மை, மாட்டம்மை இல்ல.

சரி, பாட்டிக்கு ஏன் பயம்? கேட்டேன். "2008ல நம்ம மாவட்டத்துல நாலு குழந்தைங்க..."ன்னு ஆரம்பிச்சாங்க.

அது வதந்தி இல்ல. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பிறகு 4 குழந்தைகள் இறந்தாங்க. அன்னிக்கு ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி எல்லாமே அந்த மாவட்டம்தான். அதுக்கப்புறம் ஊர் ஊரா போய் ஊசி போடறதை அரசு நிறுத்தி, டாக்டர் இருக்கற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாத்திச்சு. எல்லா ஊசியும் போட்ட குழந்தைங்க தமிழ்நாட்டில் 2005-06ல் 80.9 சதவீதம், 2015-16 கணக்கெடுப்பில் 69.7. ஊசி வீட்டை விட்டுத் தூரப் போனதும் அதுக்கு ஒரு காரணம். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா முகாம் வந்தப்போ வாட்ஸ்அப்பில் பொய் பறந்து, முகாமை நீட்டிக்க வேண்டி வந்தது. அந்தப் பொய் விழுந்த மண்ணு ஏற்கெனவே ஈரமா இருந்தது.

அந்த பயத்துக்கு தன்வந்திரி பதில் இல்ல. நாளைக்கே யாராவது "அது எல்லிஸ் கட்டின கதை"ன்னு பாட்டிக்கு அனுப்பினா, நான் சொன்ன மத்ததையும் சேர்த்துத்தானே சந்தேகப்படுவாங்க?

அதனால "இல்லம்மா, அது கதை. நீங்க சொன்ன நாலு குழந்தைங்க நிஜம்"னு சொன்னேன். அப்புறம் மருந்துக் குப்பியைக் கையில் கொடுத்தேன். காலாவதி தேதி. உள்ள இருக்கறது காய்ந்த பொடி. கூட வர்ற நீரை மட்டும்தான் கலக்கணும். கலந்தா 4 மணி நேரத்துக்குள்ள போடணும், மிச்சத்தைக் கொட்டிடணும். ஊசி போட்டு அரை மணி நேரம் இங்கயே உட்காரணும், ஏதாவது ஆனா பார்த்துக்க நான் இருக்கேன்.

பாட்டி கண்ணாடியைத் தேடி எடுத்து, தேதியை ரெண்டு தடவை படிச்சாங்க. "சரி, போடுங்க."

அரை மணி நேரம் கழிச்சுக் கிளம்பறப்போ வாசல்ல நின்னு கேட்டாங்க: "அப்போ அந்த தன்வந்திரி கதையை யாருதான் எழுதினது?" வெளியில பதினஞ்சு பேர் காத்திருந்தாங்க. அடுத்த ஊசிக்கு வர்றப்போ சொல்றேன்மான்னு அனுப்பி வச்சேன்.