அப்பாவின் இரும்புக்கை மாயாவி

நான் தமிழ் வாசிக்கப் பழகியது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் என்று அம்மா இன்றுவரை நம்புகிறார். உண்மையில் அது ஒரு காமிக்ஸில். உறவினர் ஒருவர் சென்னையிலிருந்து கொண்டுவந்த மறுபதிப்பு அது. கறுப்பு வெள்ளைப் படங்கள், மலிவான தாள், பெயர் இரும்புக்கை மாயாவி.

மாயாவியை உங்களுக்குத் தெரியாவிட்டால் ஒரு சிறு அறிமுகம். அவனுடைய வலது கை இரும்பு. உடலில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக் கை மட்டும் காற்றில் மிதக்கும். (இதை யாரும் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. என் தம்பி பிளக் பக்கம் போன நாளில் புத்தகம் ஒரு வாரம் அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது.)

அப்பா மாயாவியைப் படித்தது யாழ்ப்பாணத்தில். எழுபதுகளின் முற்பகுதியில் இலங்கை அரசு இந்திய இதழ்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியிருந்தது. 1977இல் ஆட்சி மாறிய பின் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. அப்போது அப்பாவுக்குப் பத்து வயது. ஒரு புத்தகம் ஒழுங்கை முழுவதும் சுற்றி வரும், கடைசியாகக் கைக்கு வரும்போது அட்டை இருக்காது என்பார். அவர் சேர்த்து வைத்தவை வீட்டோடு போய்விட்டன. அதைப் பற்றி அதற்குமேல் அவர் பேசியதில்லை.

மாயாவி எங்கள் ஆள் என்றே நான் நினைத்திருந்தேன். லூயிஸ் கிராண்டல் என்ற பெயர்கூட என்னை யோசிக்க வைக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது ஒரு புத்தகக் கடையில் அந்தக் கையை ஓர் ஆங்கிலப் புத்தகத்தின் அட்டையில் கண்டேன். தலைப்பு 'தி ஸ்டீல் க்ளா'. எனக்கு ஏதோ களவு போனதுபோல் இருந்தது. ஆனால் கதை நேர்மாறானது.

மாயாவி பிறந்தது நான் பிறந்த இதே லண்டனில்தான். 1962இல் தொடங்கிய 'வேலியன்ட்' என்ற சிறுவர் வார இதழில் அவன் முதலில் வந்தான். ஆரம்பக் கதைகளை எழுதியவர் கென் பல்மர் என்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர். வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ, பார்சிலோனாக்காரர். ஸ்பெயினில் பிராங்கோவின் சர்வாதிகாரம் நடந்த காலம் அது. பிரிட்டிஷ் இதழ்கள் கூடுதலாகச் சம்பளம் கொடுத்ததால் அந்நாட்டு ஓவியர்கள் பலர் அவற்றுக்கு வரைந்தார்கள். ஆனால் இதழ்களில் அவர்கள் பெயர் அச்சாகவில்லை. அப்பாவைப்போலவே அன்றைய லண்டன் பிள்ளைகளுக்கும் அந்தக் கையை வரைந்தவர் யாரென்று தெரியாது.

பத்து ஆண்டுகள் கழித்து, 1972இல், முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக இரும்புக்கை மாயாவியை வெளியிட்டது. வந்த இடம் சிவகாசி. தீப்பெட்டியும் பட்டாசும் நாட்காட்டியும் செய்யும் அச்சக ஊர். பிளாஸ்கோவின் படங்களுக்குள் தமிழ் புகுந்தது அங்கேதான்.

ஆங்கிலப் புத்தகத்தை வாங்கி வந்து படித்தேன். அதில் கிராண்டல் நல்லவனாகத் தொடங்கவில்லை. ஆய்வுகூட உதவியாளனான அவன் மறையும் சக்தி கிடைத்ததும் திருடப் புறப்படுகிறான். பிறகுதான் திருந்தி ரகசிய உளவாளி ஆகிறான். அப்பாவின் நினைவில் இருந்தது அந்த உளவாளி மட்டும்தான். சிறு வயதில் எனக்கு வில்லன்களின் முகம்தான் பிடித்திருந்தது. இப்போது கிராண்டலின் முகத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு முறை மறையும் முன்பும் அவன் வலியில் துடிக்கிறான். பிளாஸ்கோ அதை ஒளிக்காமல் வரைந்திருக்கிறார். நான் அதைக் கவனித்ததே இல்லை.

அப்பாவிடம் காட்டினேன். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மூடினார்.

"இவன் இப்பிடிக் கதைக்க மாட்டான்."

"இதுதானப்பா முதல் வந்தது."

"இருக்கட்டும். தமிழில வாசி பாப்பம்."

ஆங்கில வசனங்களைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொல்லத் தொடங்கினேன். மூன்றாவது கட்டத்தில் ஒரு சொல் வராமல் நின்றேன். அப்பா புத்தகத்தைப் பார்க்காமலே அதைச் சொன்னார். அடுத்த கட்டத்தையும் சொன்னார்.