எந்த நாளில் போவது?

ஓசூர் மலைமேல் வீற்றிருக்கும் சந்திரசூடேசுவரரின் தேர்த்திருவிழாவிற்கு எந்த நாளில் போவது என்று எவரும் எவரையும் கேட்பதில்லை. தேரோடும் நாள்தான். கொடியேற்றமும் வாகனப் புறப்பாடுகளும் கோயிலே கதியென்றிருப்பவர்களுக்கு. இதே கணக்கை நாம் ஒருமுறை கோல்ஃப் போட்டிக்கும் போட்டோம். அது பிழையான கணக்கு என்பது, அவ்விளையாட்டின் பழங்கதையைப் புரட்டத் தொடங்கிய பிறகே நமக்குத் தெரிந்தது.

2012 அக்டோபர் மூன்றாம் வாரம். இந்தியன் ஓப்பன் பெங்களூருவுக்கு வந்திருந்தது. 1964இல் தொடங்கிய இப்போட்டி பெரும்பாலும் தில்லிப் பக்கமும் கொல்கத்தாவிலுமே நடந்து வந்தது. தென்னாட்டார் செய்தித்தாளின் கடைசிப் பக்கத்தில் படித்துக்கொள்ள வேண்டியதுதான். அவ்வாண்டு அது கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் களத்தில், ஓசூரிலிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டரில். ஆனால் அந்த நாற்பது கிலோமீட்டர் அப்போது எளிய தொலைவாக இல்லை. காவிரி நீருக்காகக் கர்நாடகத்தில் அக்டோபர் 6 அன்று முழு அடைப்பு நடந்து முடிந்திருந்தது. எல்லையில் வாழும் நமக்கு இது புதிதன்று. தமிழகப் பேருந்துகள் ஓசூரோடு நின்றுவிடுவதும், மக்கள் ஜூஜுவாடியிலிருந்து அத்திப்பள்ளி வரை மூட்டையோடு நடப்பதும் நம் தலைமுறை பலமுறை கண்ட காட்சிகள். பேருந்து மீண்டும் ஓடத் தொடங்கிய பின்னும், 'இப்போது போய்த்தான் ஆகவேண்டுமா?' என்று வீட்டில் கேட்டார்கள்.

போட்டியோ வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு நாட்கள். நம் குழுவினர் சிப்காட் வளாகத்தில் ஷிப்டு பார்ப்பவர்கள். வார விடுமுறை ஞாயிறு. விடுப்பெடுக்கத் தேவையில்லை, கோப்பை தருவதையும் பார்க்கலாம். வேறென்ன யோசிக்க? ஞாயிறன்றே போனோம். 2005இலும் இக்கோப்பையை வென்ற தாய்லாந்தின் தவோர்ன் விராட்சந்த் மீண்டும் வென்றதைக் கண்டோம், மனநிறைவோடு திரும்பினோம். (போகிற போக்கில் ஒன்று: அந்தப் பச்சைக்களம் ஒரு காலத்தில் செல்லகட்டா ஏரி. அப்பள்ளத்தாக்கின் நீர் பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியே தென்பெண்ணையில் கலந்து, நம் கெலவரப்பள்ளி அணைக்குத்தான் வந்து சேருகிறது, நுரையோடு.)

இனி வரலாற்றுக்கு வருவோம்.

உலகின் மிகப் பழைய தொழில்முறைக் கோல்ஃப் போட்டியான 'ஓப்பன்' 1860 அக்டோபர் 17 அன்று, ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கில் தொடங்கியது. எட்டே ஆட்டக்காரர்கள். பன்னிரண்டு குழிகள் கொண்ட களத்தை மூன்றுமுறை சுற்றி வந்தார்கள், அன்றே முடிந்தது. வில்லி பார்க் 174 அடிகளில் வென்றார், டாம் மோரிஸ் இரண்டு அடிகளில் தோற்றார். எந்த நாளில் போவது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. அக்கால ஆட்டத்தொழிலர்கள் பெருந்தனக்காரர்கள் அல்லர். புல் பராமரிப்போர், பந்தும் மட்டையும் செய்வோர், கனவான்களின் மட்டைப்பையைச் சுமக்கும் கேடிகள். ('கேடி' என்றதும் காவல்நிலையச் சுவரில் படம் ஒட்டப்பட்டவரை நினைக்க வேண்டாம்! ஆங்கிலத்தில் அது பை சுமப்பவரின் பெயர்.)

1892இல் போட்டி 72 குழிகளாக, இரண்டு நாட்களுக்கு நீண்டது. 1898இல் முதன்முறையாக 'கட்' என்னும் வெட்டு வந்தது. பாதி ஆட்டம் முடிந்ததும் பின்தங்கியவர்களைக் கழித்துவிடும் முறை அது. 1904இல் மூன்று நாட்களாயிற்று. அதன் பின் நெடுங்காலம், கடைசி நாளில் இரண்டு சுற்றுகளை ஒரேயடியாக ஆடி, வெள்ளிக்கிழமையோடு போட்டியை முடித்துக்கொள்ளும் வழக்கம் நிலைத்தது. ஏன் வெள்ளி? நம்மைச் சிந்திக்க வைத்த இடம் இதுதான். ஆட்டக்காரர்கள் பலரும் ஏதோவொரு மன்றத்தில் ஊழியர்கள். சனி, ஞாயிறுகளில் மன்ற உறுப்பினர்கள் ஆட வருவார்கள், அவர்களுக்குக் கடை திறக்க வேண்டும், கற்றுக்கொடுக்க வேண்டும். உலகப் பெரும்போட்டியின் நாட்காட்டியை எழுதியது வீரனின் வேலைநாள்!

ஞாயிறுக்கோ சமயத் தடையும் இருந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸின் பழைய களம் இன்றும் வழக்கமான ஞாயிறுகளில் ஆட்டத்திற்குத் திறப்பதில்லை. ஓப்பன் நான்கு நாட்களாக விரிந்தது 1966இல். ஞாயிறன்று முடியும்படி வகுக்கப்பட்டது 1980இல், அதாவது ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 சாலைக்கு வந்த அதே ஆண்டில். அமெரிக்கர்கள் சற்று முந்திக்கொண்டனர். 1964 யு.எஸ். ஓப்பனின் கடைசி நாளில், வாஷிங்டன் வெக்கையில் 36 குழிகள் ஆடிய கென் வெஞ்சூரி மயங்கி விழாத குறையாக வென்றார். அடுத்த ஆண்டே நான்காம் நாள் சேர்க்கப்பட்டது. வெயிலைக் காரணம் காட்டினாலும், தொலைக்காட்சியின் விருப்பமும் அதில் அடங்கும். ஆக, நாம் தேரோட்டமாக எண்ணிய ஞாயிறு, ஊழியர்களின் ஆட்டம் ஒளிபரப்பாக மாறியபோது பிறந்த பிற்காலச் சேர்க்கை.

நான்கு நாட்களில் மிகப் பழைய உயிர்த்துடிப்பு இருப்பது வெள்ளியன்றுதான் என்று இப்போது சொல்லத் துணிகிறோம். இரண்டாம் சுற்று முடியும் நாள். இந்தியத் தொழில்முறைச் சுற்றில் முதல் ஐம்பது இடத்தாரும், ஐம்பதாம் இடத்தைப் பகிர்வோரும் வெட்டைத் தாண்டுவர். மற்றவர்களுக்குப் பரிசுப்பணம் ஒரு காசும் இல்லை. பயணம், தங்குமிடம், நுழைவுக்கட்டணம், கேடிக்கான கூலி எல்லாம் கைப்பணத்திலிருந்து போனவை. இந்நாட்டில் இது கூடுதல் கனம் பெறுகிறது, ஏனெனில் இங்கும் தொழில்முறை ஆட்டம் கேடிகளின் தோளிலேயே வளர்ந்தது. 1991இல் இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர் அலி ஷேர், தில்லியில் பை சுமந்து ஆட்டம் கற்றவர். 2009இல் வென்ற சி. முனியப்பா நம் பக்கத்து ஊர்க்காரர், பெங்களூருவில் கேடியாகத் தொடங்கியவர். அவர்கள் கோப்பை வாங்கும் ஞாயிறுகளை நாளேடுகள் பதிவுசெய்தன. அதற்கு முன் அவர்கள் கடந்த வெள்ளிகளை யார் எண்ணினார்கள்?

வெள்ளியன்று செல்வோருக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. முதலிரு நாட்களில் வீரர்கள் மும்மூவராக இறங்குவர். வியாழன் காலையில் ஆடியவர் வெள்ளி பிற்பகலில் ஆடுவார், பிற்பகலில் ஆடியவர் காலைக்கு மாறுவார். அத்திப்பள்ளி நெரிசலைக் கடந்து பத்து மணிக்குப் போய்ச் சேருவோருக்குப் பிற்பகல் அணியே உகந்தது. வெட்டுக்கோடு எங்கே விழும் என்பது கடைசி அணிகள் முடிக்கும்வரை அசைந்துகொண்டே இருக்கும். காலையில் ஆடி முடித்தவர், எங்கோ ஒருவர் தவறவிடும் சிறு பந்தடிக்காகப் பலகையைப் பார்த்தபடி காத்திருப்பார். வெற்றி தோல்வி அன்று, நாளை வேலை உண்டா இல்லையா என்பதே அங்குள்ள கேள்வி.

எதிர்வாதமும் உண்டு, வலுவானது. 2021 ஆகஸ்ட் 7, டோக்கியோ ஒலிம்பிக்கின் மகளிர் கோல்ஃப் இறுதி நாள். மூன்று சுற்றுகளின் முடிவில் பெங்களூருவின் அதிதி அசோக் தனித்து இரண்டாமிடத்தில் இருந்தார். புயல் வந்தால் போட்டி 54 குழிகளோடு முடிக்கப்படலாம் என்ற பேச்சிருந்தது. முடித்திருந்தால் வெள்ளிப்பதக்கம். மின்னலால் ஆட்டம் சிறிது நின்றது, பின் தொடர்ந்தது. நெல்லி கோர்டா தங்கம் கொள்ள, அதிதி ஒரே அடியில் பதக்கம் தவறி நான்காமிடம் பெற்றார். பார்வையாளர் அனுமதியில்லாத போட்டி அது. எந்த நாள் என்ற தேர்வே எவருக்கும் இல்லை. ஆயினும், குழிக்கும் கொடிக்கும் வேறுபாடறியாத எத்தனையோ வீடுகள் அச்சனிக்கிழமை விடியலில் விழித்திருந்தன. கடைசி நாளை இகழ்ந்துவிட முடியாது.

ஆகவே இரண்டு நாள் கிடைப்பவர் வெள்ளியும் ஞாயிறும் போகலாம். வியாழன், கூட்டம் வேண்டாதவருக்கு. சனிக்கிழமைக்காக வாதாட நம்மிடம் எதுவும் இல்லை. ஒரே நாள்தான் என்றால் விடுப்பெழுதிக் கொடுத்துவிட்டு வெள்ளியன்று பேருந்தேறுங்கள்.

2012இன் அந்த வெள்ளி மாலை, செல்லகட்டாக் களத்தில் வெட்டு விழுந்த நேரத்தில், நாம் இரண்டாம் ஷிப்டில் இருந்தோம்.