முற்றத்துத் தாராவும் மட்டக்களப்பு வாவியும்



மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. அதன் கிழக்கே கடலோரமாக எழுவான்கரை. மேற்கே வயல் சூழ்ந்த படுவான்கரை. சீழ்க்கைச் சிறகி எனப்படும் காட்டுத் தாரா ஆண்டு முழுவதும் இலங்கையின் நீர்நிலைகளிலும் வயல்களிலும் வாழ்வது. ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் மாரிக்காலத்து விருந்தினர். இப்பறவைகளைக் கண்டு மகிழ்ந்தவர்களுக்கு, அவற்றுள் அழகியவற்றை வீட்டு முற்றத்தில் வளர்த்தால் என்ன என்ற ஆசை எழுவது இயல்பே. அவ்வாசையின் வரலாற்றைச் சிறிது ஆராய்வோம்.

வீடுகளில் வளரும் தாராக்கள் இரண்டு மூலங்களிலிருந்து வந்தவை. முகத்தில் சிவந்த சதை படர்ந்த மஸ்கோவித் தாரா தென்னமெரிக்காவிலும் அதனை அடுத்த நாடுகளிலும் தோன்றியது. கொலம்பஸ் கடல் கடக்கும் முன்னரே அங்குள்ள மக்கள் அதனைப் பழக்கிவிட்டனர். ஏனைய வீட்டுத் தாராக்கள் யாவும் மல்லார்ட் என்னும் காட்டுத் தாராவின் வழித்தோன்றல்கள். இவற்றின் முட்டைகள் 28 நாட்களில் பொரிக்கும். மஸ்கோவியின் முட்டைக்கு 35 நாட்கள் வேண்டும்.

முட்டைக்கும் இறைச்சிக்கும் அன்றி, அழகுக்காகவே நீர்ப்பறவைகளை வளர்ப்போரும் உலகில் பலர். அவர்களது முயற்சி எப்போதும் வென்றதில்லை. இந்தியாவின் வங்காளம், பீகார், அசாம் ஆகிய பகுதிகளின் சதுப்பு நிலங்களில் ரோசாநிறத் தலையுடைய தாரா ஒன்று வாழ்ந்தது. கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் அவற்றுட் சில, இங்கிலாந்தில் ஆல்பிரட் எஸ்ரா என்பவரின் பறவைத் தோட்டத்தைச் சேர்ந்தன. பேணிக் காத்தும் அவை அங்கே இனம்பெருக்கவில்லை. இந்தியாவிலோ வேட்டையும் சதுப்பு நிலங்களின் அழிவும் தொடர்ந்தன. அந்நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் அப்பறவை உயிரோடு இருப்பதற்கு ஐயமற்ற சான்று எதுவும் இல்லை.

இதற்கு மாறான கதை ஒன்று ஹவாய்த் தீவிலே நிகழ்ந்தது. தாராவின் குடும்பத்தைச் சேர்ந்த நெநே என்னும் வாத்து அத்தீவுகளுக்கே உரியது. அது அருகி வருவதைக் கண்ட ஹெர்பர்ட் ஷிப்மன் என்ற நிலக்கிழார், 1918 முதல் தமது கடற்கரைத் தோட்டத்தில் அதனை வளர்க்கத் தொடங்கினார். அவரிடம் 40க்கு மேற்பட்ட பறவைகள் பெருகின. 1946 ஏப்பிரல் முதலாம் நாள் ஆழிப்பேரலை பாய்ந்தது. எஞ்சியவை 11 மட்டுமே. 2004 டிசம்பர் 26ஆம் நாளைக் கண்ட எழுவான்கரை மக்களுக்கு அக்காலையின் கொடுமையை விளக்க வேண்டுவதில்லை.

எஞ்சிய பறவைகளை ஷிப்மன் தம்மிடமே வைத்துக்கொண்டாரில்லை. 1949இல் ஹவாயில் தொடங்கிய இனப்பெருக்க நிலையத்துக்குச் சிலவற்றை உதவினார். 1950இல் இரண்டு பறவைகள், இங்கிலாந்தில் பீற்றர் ஸ்கொட் நிறுவிய ஸ்லிம்பிரிட்ஜ் நிலையத்தை அடைந்தன. சோடி என்று கருதி அனுப்பப்பட்ட அவை இரண்டும் முட்டையிட்டபோதுதான், இரண்டும் பெட்டை என்பது தெரிந்தது! பின்னர் ஆண்பறவை அனுப்பப்பட்டது. 1952இல் குஞ்சுகள் பொரித்தன. 1962இல் அந்நிலையத்தின் பறவைகள் ஹவாயின் மௌயித் தீவிலே பறக்க விடப்பட்டன. 1950 அளவில் காட்டில் ஏறக்குறைய 30 மட்டுமே எஞ்சியிருந்த அவ்வினம் இன்று 3,000ஐத் தாண்டிவிட்டது.

ஆயினும் அதே ஹவாயில் வேறொரு தீங்கும் நேர்ந்தது. வளர்ப்பிலிருந்து வெளியேறிய மல்லார்ட் தாராக்கள், கொலோவா என்னும் சுதேசத் தாராவோடு கலந்து இனம்பெருக்கின. கலப்பற்ற கொலோவா பல தீவுகளில் அரிதாயிற்று.

முற்றத்தில் தாரா வளர்ப்போர் இவ்வரலாற்றிலிருந்து கற்க வேண்டியவை சில உண்டு. கீரியும் உடும்பும் நுழையாத வலை அடைப்பு வேண்டும். நீரை அடிக்கடி மாற்ற வேண்டும். மரப்பொந்தில் முட்டையிடும் மண்டரின் போன்ற இனங்களுக்குப் பொந்துபோன்ற மரப்பெட்டி அமைத்தல் நன்று. அரிய இனமாயின் எல்லாச் சோடிகளையும் ஒரே கரையில் வைத்திருத்தல் ஆகாது. ஒரு சோடியேனும் மேட்டுநிலத்து நண்பர் வீட்டில் வளரட்டும். பிறநாட்டுத் தாரா எதனையும் வாவியில் விடவே கூடாது. காட்டுச் சிறகியைக் கண்ணிவைத்துப் பிடித்து அடைப்பிலிடுவதும் தகாது. 1937ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் வனவிலங்குகளைப் பாதுகாக்கும் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டதை நினைவிற் கொள்க.

நெநே திரும்பிச் செல்வதற்கு ஹவாயில் ஒரு மலைச்சாரல் எஞ்சியிருந்தது. நமது வாவிக்கரைக் கண்டலையும் நாணற் புதரையும் வெட்டி நிலம் நிரப்பிவிட்டால், நாம் முற்றத்தில் எத்துணை அன்போடு வளர்த்தாலும் அப்பறவைகளை எங்கே கொண்டுபோய் விடுவது?