நாஞ்சில் நாட்டின் மிகைமழைப் பருவங்கள்: இருபூ வேளாண்மை நோக்கில்

முன்னுரை

தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களை உள்ளடக்கிய நாஞ்சில் நாடு, தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவக்காற்றுகளாலும் மழை பெறும் நிலப்பகுதியாகும். எனவே, ஓர் ஆண்டின் மொத்த மழையளவை மட்டும் கொண்டு இங்கு மிகைமழையின் வரலாற்றை வரையறுக்க இயலாது. மழை எந்தப் பூவின் எந்த நிலையில் பெய்தது என்பதே அதன் விளைவைத் தீர்மானித்துள்ளது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இரு பூக்களும் இரு பருவங்களும்

கன்னி மாதத்தை ஒட்டி அறுவடையாகும் கன்னிப்பூ தென்மேற்குப் பருவமழையையும், கும்ப மாதத்தை ஒட்டி அறுவடையாகும் கும்பப்பூ வடகிழக்குப் பருவமழையையும் சார்ந்தவை. 1906இல் நிறைவுற்ற பேச்சிப்பாறை அணை, கோதையாற்று நீரைத் தேக்கி இவ்விரு பூக்களுக்கும் பாசன உறுதி அளித்தது. எனினும், மிகைமழைக் காலங்களில் அணையிலிருந்து திறக்கப்படும் உபரிநீர் குழித்துறையாற்றின் தாழ்நிலங்களுக்கு வெள்ள அச்சத்தை ஏற்படுத்துகிறது.

1924 சூலையில் திருவிதாங்கூரில் ஏற்பட்ட பெருவெள்ளம், கொல்லம் ஆண்டு 1099ஐ ஒட்டித் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' எனப்படுகிறது. அதன் பேரழிவு பெரியாற்றுப் படுகையில் மிகுதியாக இருந்தது. தென்மேற்குப் பருவமழை தெற்கு நோக்கிக் குறைந்து செல்வதால், திருவிதாங்கூரின் வெள்ள வரலாற்றை நாஞ்சில் நாட்டிற்கு அவ்வாறே பொருத்துதல் பிழையாகும். தமிழகத்தின் பிற பகுதிகளைப் போல இதனை வடகிழக்குப் பருவத்திற்குள் மட்டும் அடக்குவதும் பொருந்தாது.

2021: ஓராண்டின் இரு வெள்ளங்கள்

2021 மே 26இல் 'யாஸ்' புயல் ஒடிசாவில் கரையைக் கடந்தது. அதனால் வலுப்பெற்ற மேலைக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதியதில், தொலைவிலிருந்த குமரி மாவட்டத்தில் பெருமழை பெய்தது. அது கன்னிப்பூவின் தொடக்கக் காலமாகும். அதே ஆண்டு நவம்பர் 11இல் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் சென்னை அருகே கரையைக் கடந்ததைத் தொடர்ந்து, இம்மாவட்டத்தில் மீண்டும் வெள்ளம் ஏற்பட்டது. நாகர்கோவில் – திருவனந்தபுரம் இருப்புப்பாதையும் பாதிக்கப்பட்டது. இம்முறை பாதிப்பு கும்பப்பூவின் இளம்பயிர்களுக்கு நேர்ந்தது. ஆண்டு மழைக்கணக்கில் ஒரே தொகையாகச் சேரும் இவ்விரண்டும், காரணத்தாலும் விளைவாலும் வெவ்வேறானவை.

2017 நவம்பர் 30இல் குமரிமுனைக்குத் தெற்கே கடந்த 'ஒக்கி' புயலோ மாவட்டத்தில் கரையேறவில்லை. ஆயினும், மீனவர் பலரின் உயிரிழப்பிற்கும் வாழை, இரப்பர் மரங்களின் அழிவிற்கும் காரணமாயிற்று.

முடிவுரை

நாஞ்சில் நாட்டின் மிகைமழை வரலாற்றைக் கொல்லம் ஆண்டு மாதங்கள், இருபூப் பயிர்நிலைகள், வானிலை அமைப்புகள் ஆகிய மூன்றையும் இணைத்தே எழுதவேண்டும். நெல்வயல்கள் சுருங்கிவரும் இன்றைய சூழலில், மழையைப் பயிர்நிலையால் நினைவுகூரும் உழவர்களின் வாய்மொழிச் சான்றுகளும் அருகி வருகின்றன. ஆதலின், அவற்றை வருவாய்த்துறை ஆவணங்களோடு ஒப்பிட்டுத் தொகுப்பது உடனடித் தேவையாகும்.