தோட்டத்துப் பிள்ளையும் பண்டை உலக வரலாறும்

பதின்மூன்று வயதில் மெசபொத்தேமியாவும் எகிப்தும் சிந்துவெளியும் ஒருசேர வந்து மாணவன் முன் நிற்கின்றன. 2017ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இடைநிலைப்பள்ளிப் பாடத்திட்டம் உலகின் தொடக்க நாகரிகங்களை முதலாம் படிவத்திலேயே வைத்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்று செல்லும் பிள்ளைக்கு அப்பாடம் மலாய் மொழியில் அமைகின்றது. 'தாமாடுன்' என்றால் நாகரிகம் என்று அவன் தெளிவதற்குள் நைல் ஆறு கடந்து போய்விடுகின்றது. எஞ்சுவன சில பெயர்களும் ஆண்டுகளுமே.

எனினும் கோலசிலாங்கூர் முதல் பெர்னாம் ஆறு வரையிலான தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைக்கு இப்பாடம் அத்துணைத் தொலைவானதன்று. தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் வயல்களை அவன் கண்டிருக்கின்றான். 1930ஆம் ஆண்டுகளில் சதுப்புக்காடு திருத்தி உருவாக்கத் தொடங்கிய அவ்வயல்கள் இன்று ஏறத்தாழ 20,000 எக்டேர். பெர்னாம் ஆற்று நீர் கால்வாய் வழியே தெங்கி ஆற்றுக்கு வந்து, அங்கிருந்து வயல்களுக்குப் பிரிகின்றது. மேல்மடையில் மிகுதியாக எடுத்தால் கடைமடை காயும். ஆகவே மதகும் முறையும் அவற்றைக் காக்க அதிகாரியும் வேண்டும். நாலரை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சுமேரியாவின் லகாஷ், உம்மா நகரங்கள் எல்லை வயலுக்கும் வாய்க்கால் நீருக்கும் தலைமுறை தலைமுறையாகப் போரிட்டதன் காரணம் இதன்பின் அவனுக்கு எளிதில் விளங்கும்.

சிந்துவெளிப் பாடம் வந்தவுடன் சில ஆசிரியர்களுக்கு உவகை பொங்குவது இயல்பு. அந்நாகரிகம் தமிழருடையதே என்று முடித்துவிடவும் தோன்றும். அம்மொழி திராவிடமாக இருக்கலாம் என ஐராவதம் மகாதேவனும் அஸ்கோ பர்போலாவும் காட்டிய சான்றுகள் எண்ணத்தக்கவை. ஆயினும் அவ்வெழுத்து இன்னும் ஐயமறப் படிக்கப்படவில்லை. கருதுகோளைக் கருதுகோள் என்றே கற்பிப்பதுதான் ஆசிரியருக்கு அழகு. தோட்டத்துப் பிள்ளைக்கு உரிய பெருமை வேறோர் இடத்திலும் கிடக்கின்றது.

எழுத்தின் பிறப்பைப் பார்ப்போம். ஊருக் நகரில் கி.மு. 3300 அளவில் எழுந்த களிமண் பலகைகளுள் மிகப்பல காவியமும் அல்ல, மந்திரமும் அல்ல. வாற்கோதுமை எவ்வளவு வந்தது, எவருக்கு எவ்வளவு படியளக்கப்பட்டது என்னும் கணக்குகள். பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் கிராணி எழுதிய செக்ரோலை அறிந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இதனை விளக்க நெடுநேரம் வேண்டியதில்லை. எகிப்தின் அரசர் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளரின் குடியிருப்பான டெய்ர் எல்-மதீனாவில், இரண்டாம் ராம்சேஸின் 40ஆம் ஆட்சியாண்டு வருகைக் கணக்கு ஒன்று கிடைத்துள்ளது. இன்னார் நோயுற்றார், இன்னாரைத் தேள் கொட்டிற்று, இன்னார் சாவு வீட்டில் இருந்தார் என வேலைக்கு வாராத காரணங்கள் அதில் உள. பிரமிடின் உயரத்தை மனப்பாடம் செய்விப்பதைவிட இப்பட்டியலைப் படித்துக் காட்டுவது மேல்.

அதே குடியிருப்பினர் மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆட்சியாண்டில், கி.மு. 12ஆம் நூற்றாண்டில், தானியப்படி தாமதமானதால் வேலையை விட்டு வெளியேறிக் கோயிலொன்றின் பின்புறம் சென்று அமர்ந்தனர். வரலாறு அறிந்த முதல் வேலைநிறுத்தமாகக் கருதப்படும் அச்செய்தியைத் தாங்கிய ஏடு இன்று இத்தாலியின் தூரின் நகரில் உள்ளது.

சிலாங்கூரிலும் அத்தகைய ஓர் ஆண்டு உண்டு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, கள்ளுக்கடை ஒழிப்பு, பிள்ளைகளுக்குத் தக்க கல்வி ஆகியவற்றைக் கேட்டனர். துரையைக் கண்டால் மிதிவண்டியினின்று இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றனர். தலைவர் ஆர். எச். நாதன் மே மாதம் கைதானதும் கிளர்ச்சி பிற வட்டாரங்களுக்கும் பரவிற்று. படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர், நாதன் நாடு கடத்தப்பட்டார்.

எகிப்தியப் பாடம் நடக்கும் வாரத்திலேயே இதனையும் சொல்லலாம். தோட்டங்கள் பல செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. செக்ரோல் புத்தகங்கள் எளிதில் கிட்டா. அவற்றில் தாத்தாவின் பெயர் எவ்வாறு எழுதப்பட்டிருந்தது, வேலைக்குப் போகாத நாள்களுக்கு என்ன காரணம் குறிக்கப்பட்டது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஆண்டுடன் எழுதி வருமாறு மாணவர்களைப் பணிக்கலாம்.