மொலி பிச்சர் யார் மகள்?



அமெரிக்க விடுதலைப் போரின் வரலாற்றைப் படிப்போர் மொலி பிச்சர் என்ற பெயரை அறிந்திருப்பர். 1778 ஆம் ஆண்டு ஜூன் 28 ஆம் நாள் நியூ ஜேர்சியிலுள்ள மொன்மத் என்னுமிடத்தில் கடும் போர் நிகழ்ந்தது. அன்றைய வெப்பத்தினாலேயே வீரர் பலர் மாண்டனர். பீரங்கிப் படையினருக்கு நீர் சுமந்து கொடுத்த ஒரு பெண், கணவன் வீழ்ந்ததும் அவனிடத்தில் நின்று பீரங்கியை இயக்கினாள் என்பது வழிவழி வந்த கதை. பிச்சர் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நீர்க்கலம் என்பது பொருள். அது குடும்பப் பெயரன்று. அவ்வாறாயின் அவள் யார் மகள்?

பென்சில்வேனியாவின் கார்லைல் நகரில் 1832 இல் இறந்த மேரி என்ற மூதாட்டியே அவள் என ஊரார் கருதினர். 1876 இல் அவளுக்குக் கல்லறைக்கல்லும் நாட்டினர். பின்வந்த நூலாசிரியர்கள், அவளது கன்னிப் பெயர் மேரி லுட்விக் என்றும், தந்தை ஜேர்மனியிலிருந்து வந்து குடியேறியவர் என்றும் எழுதினர். ஜேர்மானிய வழித்தோன்றல்களும் அவளைத் தம் குலமகளாகப் போற்றினர்.

இதற்கு ஆதாரம் யாது? 1769 இல் மேரி லுட்விக் என்பாள் காஸ்பர் ஹேய்ஸ் என்பவனை மணந்தாள் என்ற பதிவே. கார்லைல் மூதாட்டியும் முன்னர் ஹேய்ஸ் ஒருவரின் மனைவியாயிருந்தவள். ஆனால் பழைய ஆவணங்களை ஆராய்ந்தோர், அவள் கணவன் பீரங்கிப் படையில் பணியாற்றிய வில்லியம் ஹேய்ஸ் எனக் கண்டனர். அவன் 1786 இல் இறந்தபின் அவள் ஜோன் மக்கோலி என்பவனை மணந்தாள். காஸ்பர் வேறு, வில்லியம் வேறு. ஆகவே லுட்விக் என்ற பெயரை அவளோடு பிணைத்த இழை அறுந்துவிடுகிறது.

அக்காலப் பெண்களின் வமிசத்தைத் தேடுவோர் எல்லோரும் இத்தகைய இடர்ப்பாட்டை எதிர்கொள்கின்றனர். 1727 முதல் பிலடெல்பியாவில் வந்திறங்கிய ஜேர்மானியருள் பதினாறு வயதுக்கு மேற்பட்ட ஆடவர், பிரித்தானிய முடிக்கு விசுவாசமாயிருப்பதாக உறுதிகூறிக் கையொப்பமிட்டனர். பெண்களிடம் அக்கையொப்பம் கேட்கப்படவில்லை. திருமணத்தோடு தந்தையின் பெயரும் மறைந்தது. மியுல்லர் என்ற பெயர் மில்லர் ஆனதுபோல, எழுதுவோரின் செவிக்கேற்பப் பெயர்களும் மாறின. எனவே ஞானஸ்நானப் பதிவு, மரண சாசனம், காணி உறுதி ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டே உறவை நிறுவ வேண்டும். பெயர் ஒற்றுமை மட்டும் போதாது.

தந்தையின் பெயர் உறுதிப்படாவிடினும், மேரியின் பணிக்குச் சான்று உண்டு. 1822 பெப்ரவரி 21 ஆம் நாள் பென்சில்வேனியா அரசு அவளுக்கு உடனடியாக நாற்பது டொலரும், ஆண்டுதோறும் நாற்பது டொலரும் வழங்கச் சட்டம் இயற்றியது. மக்கோலி என்ற பெயர் அதில் 'மெக்கொல்லி' எனத் திரிந்துள்ளது. முதல் வரைவில் அவள் ஒரு போர்வீரனின் விதவையாகக் குறிக்கப்பட்டிருந்தாள். அது திருத்தப்பட்டு, அவள் தானே புரிந்த சேவைக்காக என்று சட்டம் நிறைவேறியது.

ஐயத்துக்குரிய ஒரு தந்தையை அவளுக்குச் சூட்டுவதிலும், தன் செயலுக்காகத் தன் பெயரிலேயே உதவிபெற்ற பெண்ணாக அவளை நினைவுகூர்வதே வரலாற்றுக்கு ஏற்றதாகும்.