வரைந்து படித்த பாடம்



மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, "இன்ஜினியர் ஆச்சே, கம்ப்யூட்டரைப் பற்றி எழுதுவார்" என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டது தாவரவியல். நம் கல்லூரியில் இயற்பியல் படித்தவனுக்கு அதில் என்ன வேலை என்கிறீர்களா? வரைபடம் இல்லாமல் பொறியியல் இல்லை. நம் ஊரில் தாவரவியலும் வரைபடத்தைப் பிடித்துக்கொண்டுதான் வளர்ந்தது.

கதை தரங்கம்பாடியில் தொடங்குகிறது. லின்னேயஸிடம் படித்த கோனிக் என்ற மருத்துவர் 1768-இல் அங்கே வந்து சேர்ந்தார். செடிகளுக்கு இரட்டைப் பெயர் சூட்டும் முறையும் அவரோடு வந்தது. அந்த ஊரில் இருந்த பாதிரிமார்கள் சிலரும் செடி சேகரித்தார்கள். அவர்களில் ஒருவர் ராட்லர். தமிழ் - ஆங்கில அகராதி தொகுத்தாரே, அதே ராட்லர்தான்! சொற்களையும் சேர்த்தார், செடிகளையும் சேர்த்தார். அவர் உலர்த்தி வைத்த செடிகள் பிறகு லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

அடுத்து ராபர்ட் வைட். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர். 1838 முதல் 1853 வரை மதராஸில் அவர் வெளியிட்ட 'இக்கோன்ஸ்' என்ற நூல் 6 தொகுதிகள், 2,101 படங்கள் கொண்டது. அவருக்காக வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள். அந்தப் படங்களில் முழுக் கிளை ஒரு பக்கம், பிளந்து காட்டிய பூ ஒரு பக்கம், பெரிதாக்கிய சூலகத்தின் குறுக்குவெட்டு இன்னொரு பக்கம். நாங்கள் டிராயிங் போர்டில் போடும் முழுத் தோற்றமும் வெட்டுத் தோற்றமும் அப்படியே இருக்கின்றன! வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே 'கோவிந்தூயியா' என்று பெயர் வைத்துத் தம் ஓவியரைக் கௌரவித்தார்.

பாடம் கல்லூரிக்குள் வந்தபோது இன்னொரு கேள்வி எழுந்தது. இங்கிலாந்துப் பூவைக் காட்டி இங்கே எப்படிச் சொல்லிக்கொடுப்பது? கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரியின் ரங்காச்சாரி, இந்திய மாணவர்களுக்கென்றே தாவரவியல் பாடநூல் எழுதினார். 1921-இல் தென்னிந்தியப் புற்களைப் பற்றித் தனி நூலே கொண்டுவந்தார். மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் பைசன், நீலகிரி, பழனி மலைச் செடிகளைப் படங்களோடு 1915-இல் நூலாக்கினார். அதே கல்லூரியில் 1921-இல் ஹானர்ஸ் முடித்த ஜானகி அம்மாள், 1945-இல் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்ச் செடிகளின் குரோமோசோம் அட்லஸை வெளியிட்டார். எம்.ஓ.பி. ஐயங்கார் 1932-இல் விவரித்த 'ஃபிரிட்சியெல்லா' என்ற ஈரமண் பாசி, நிலத்தாவரங்கள் எப்படித் தோன்றின என்ற விவாதத்தில் இடம்பிடித்தது. இவர்கள் எல்லாம் செடியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள்.

இன்றைய நிலை என்ன? நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கு. பிள்ளைகள் விழுந்து விழுந்து படிக்கிறார்கள். ஆனால் அந்தத் தேர்வில் ஒரு படம்கூட வரைய வேண்டாம், ஒரு இலையைக்கூடத் தொட வேண்டாம். சரியான விடையைக் குறித்தால் போதும். வேம்பின் குடும்பப் பெயர் மீலியேசி என்று தூக்கத்திலும் சொல்லும் மாணவர், வேப்பம்பூவைப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. கண்ணும் கையும் பழகாத இடத்தில் மனப்பாடம் எத்தனை நாள் நிற்கும்?

ஒரு கல்லூரியால் என்ன ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம். திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் தொடங்கிய ராபினாட் ஹெர்பேரியத்தை வளர்த்த மாத்யூ பாதிரியார், தமிழ்நாட்டு கர்நாடிக் பகுதியின் தாவரங்களை 1981-83-இல் பெரும் நூலாகவே கொண்டுவந்துவிட்டார். எல்லாம் ஒரு கல்லூரி வளாகத்தில் நடந்த காரியம்.

நம் வளாகத்தில் மரங்களுக்குக் குறைவில்லை. தம்பி தங்கைகளே, ஆளுக்கொரு செடியை எடுங்கள். பழைய செய்தித்தாளில் வைத்து அழுத்தி உலர்த்துங்கள், பூவைப் பிளந்து வரையுங்கள், ஊர்ப் பெயரையும் அறிவியல் பெயரையும் பக்கத்தில் எழுதுங்கள். அட்டையும் அலமாரியும் வாங்கித் தருவது முன்னாள் மாணவர்களாகிய நம் பொறுப்பு. அடுத்த மலரில் அந்தப் படங்களே வரட்டும்!

- ஒரு பொறியாளர்,
முன்னாள் பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவர்